கிராங்கை அரைக்கக் கொடுப்பதா, அப்படியே போடுவதா? பேரிங் தேய்மானத்தை வீட்டில் அளக்கும் வழிகள்

இன்ஜினைக் கவிழ்த்து, சம்பை (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை) கழற்றி, முதல் பிக் எண்ட் கேப்பை (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனையின் மூடியை) கையில் எடுத்ததுமே இந்தக் கேள்வி வந்துவிடும். அதற்குள் இருக்கும் ஷெல்லில், அதாவது அரைவட்டப் பேரிங் தகட்டில், இரண்டு மூன்று கோடுகள். கிராங்கில் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டில்) அந்த ஷெல் பிடித்திருக்கும் உருளைப் பகுதியான பின் பளபளவென்றுதான் இருக்கிறது. அதே சைஸில் புது ஷெல் வாங்கிப் போட்டு மூடிவிடலாமா, இல்லை கிராங்கை வெளியே எடுத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அரைத்து, மெலிந்த பின்னுக்கு ஏற்ற தடிமனான அண்டர் சைஸ் ஷெல் போட வேண்டுமா?

தவறான பதில் இரண்டு பக்கமும் செலவு வைக்கும். தேவையில்லாமல் அரைத்தால் கிராங்கின் ஆயுளில் ஒரு படியை வீணாக்குகிறோம். சின்ன கார் கிராங்க்குகளுக்கு 0.25, 0.50 மி.மீ. என்று ஒன்றிரண்டு அண்டர் சைஸ்தான் கடையில் கிடைக்கும். அதற்கு மேல் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். அரைக்க வேண்டியதை அரைக்காமல் போட்டால், சில மாதங்களில் அதே இன்ஜினை மறுபடியும் இறக்க வேண்டும். என் முதல் இன்ஜினில் எனக்கு நடந்தது அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய மாருதி 800, நண்பர்களின் ஒன்றிரண்டு வண்டிகள் என்று வேலை பார்க்கிறவன். என்னைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எந்தக் கருவியை வாங்குவது, எதைக் கடன் கேட்பது, எந்த வேலையைப் பட்டறைக்கு விடுவது என்பதுதான் பேச்சு.

முதலில் நாம் எவ்வளவு சின்ன அளவோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஷெல் பேரிங்கில் பின்னுக்கும் ஷெல்லுக்கும் இடையே எண்ணெய் நிற்க ஓர் இடைவெளி வேண்டும். பழைய கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 மி.மீ. பின் என்றால் 0.04 மி.மீ. வாக்கில். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே 0.05-லிருந்து 0.1 வரை இருக்கும். லேத் பட்டறையில் பேசும் 'தௌ' அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.025 மி.மீ. ஆக, ஒன்றரைத் தௌ இருந்தால் நல்ல பேரிங், மூன்று தௌ ஆகிவிட்டால் தேய்ந்த பேரிங். உங்கள் இன்ஜினுக்கான சரியான எண்ணையும் எல்லையையும் அதன் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எண்கள் கணக்கை விளக்கத்தான்.

இந்த அளவில் வெர்னியர் காலிப்பர் உதவாது. டிஜிட்டல் காலிப்பர் திரையில் 0.01 வரை காட்டும், ஆனால் அதன் துல்லியம் 0.02, 0.03 வாக்கில்தான். நாம் தேடும் தேய்மானமே அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது கார், ஜீப், டிராக்டர் போன்ற, கேப் போல்ட்டுப் போட்டு இரண்டு பாதி ஷெல் வைக்கும் இன்ஜின்களுக்கானது. ஸ்பிளெண்டர் மாதிரி ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் பிரஸ் போட்டுச் சேர்த்தது, பிக் எண்டில் ரோலர் பேரிங். அங்கே கேப்பும் இல்லை, ஷெல்லும் இல்லை. கனெக்டிங் ராடை நேராக மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் கையால் உணரும்படி ஆட்டம் இருந்தாலே வேலை வந்துவிட்டது என்று பொருள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது எல்லா ராடிலும் இயல்பு. அதைத் தேய்மானம் என்று நினைத்து நல்ல கிராங்கைப் பிரித்தவர்கள் நிறைய.

திறப்பதற்கு முன்

இன்ஜினைத் திறப்பதா வேண்டாமா என்ற கட்டத்தில் நம் கையில் இருப்பவை காதும் ஆயில் பிரஷரும்தான்.

பிக் எண்ட் லூஸ் ஆனால் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்திருக்கும்போதும் விடும்போதும் டக் டக் என்று உலோகச் சத்தம் வரும். மெயின் பேரிங் (கிராங்கை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் பேரிங்) சத்தம் இன்னும் கனமானது, அடியிலிருந்து வரும், லோடு ஏறும்போது கூடும். பழைய பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி பாடியில் எர்த் செய்துகொண்டே கேட்டால், எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அந்த ராடின் மேல் சந்தேகப்படலாம். பழைய டீசலில் இதற்காக இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவார்கள். காமன் ரயில் டீசலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

காதைவிட நம்பகமானது ஆயில் பிரஷர். டாஷ்போர்டு விளக்கை நம்பிப் பயனில்லை. பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் 0.3, 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கை எரியவிடும், அதற்குள் காரியம் கெட்டிருக்கும். அந்த ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பி.எஸ்.ஐ. (சுமார் 0.7 பார்) என்பது வழக்கமான கணக்கு.

பேரிங் கொஞ்சம் தேய்ந்தாலும் பிரஷர் நிறைய இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேரிங் ஓரத்தில் எண்ணெய் கசியும் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதாவது இடைவெளி இரண்டு மடங்கானால், அதே எண்ணெயில் அதே அழுத்தத்தில் கசிவு எட்டு மடங்கு. அதனால் கேஜ் ஒரு நல்ல சாட்சி. ஆனால் குற்றவாளியின் பெயரை அது சொல்லாது. ஆயில் பம்ப் தேய்ந்திருக்கலாம், ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கலாம். திறப்பதா வேண்டாமா என்பதற்கு மட்டும் இந்தக் கருவி. அந்த ஒரு கேள்விக்கு இதைவிட மலிவான நல்ல பதில் இல்லை.

கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும் பலன் தரும். மடிப்புகளில் மின்னும் துகள் இருந்தால் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மின்னினால் செம்பு, ஈயம், அலுமினியம் வகை, அதாவது பேரிங் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஷெல்லைப் பார்ப்பது

திறந்தாயிற்று. அளக்கும் முன் கண்ணுக்கு வேலை கொடுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு ஷெல்லின் முதுகிலும் எந்த சிலிண்டர், மேலா கீழா என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். கம்பஷன் அடி ராடின் மேல் ஷெல்லிலும் மெயினின் கீழ் ஷெல்லிலும் விழுவதால் அவைதான் முதலில் தேயும். மேல், கீழ் கலந்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

மூன்று அடுக்கு ஷெல்லில் முதுகு எஃகு, நடுவில் செம்பும் ஈயமும், மேலே சாம்பல் நிறத்தில் 0.02 மி.மீ. வாக்கில் ஒரு மெல்லிய பூச்சு. செம்பு நிறம் தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்த இடத்தில் பூச்சு முழுக்கப் போய்விட்டது. ஆக, ஷெல் தனக்குள்ளேயே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. ஆனால் பல சின்ன கார்களில் எஃகின் மேல் நேராக அலுமினியம்-தகரக் கலவை மட்டும் இருக்கும் ஷெல்கள்தான் வரும். அவற்றில் செம்பு அடுக்கே கிடையாது, எவ்வளவு தேய்ந்தாலும் நிறம் மாறாது. செம்பு தெரியவில்லை, அதனால் ஷெல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யும் முன் அது எந்த வகை என்று பாருங்கள்.

முதுகில் எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு, அரைக்காத அளவு) என்று இருக்கிறதா, 025 (0.25 அண்டர் சைஸ்) என்று இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். முன்பே யாரோ அரைத்த கிராங்காக இருக்கலாம்.

பின்னின் மேல் விரல் நகத்தை அச்சின் நீளவாக்கில் இழுங்கள். நகம் கோட்டில் மாட்டினால் அளவெடுத்துப் பயனில்லை, அது பட்டறைக்குத்தான் போக வேண்டும். நகம் மாட்டாமல் வழுக்கினால், அளப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

பிளாஸ்டிகேஜ்

வீட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு முதலில் யாரும் சொல்லும் கருவி இது. துல்லியமான விட்டத்தில் இழுக்கப்பட்ட, மெழுகு மாதிரி நசுங்கும் நூல். பின்னின் மேல் அச்சின் திசையில் ஒரு துண்டை வைத்து, கேப்பைப் போட்டு, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்கி, மறுபடி கழற்றினால் நூல் தட்டையாகியிருக்கும். அதன் அகலத்தை உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட வேண்டும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு, அகலம் குறைந்தால் இடைவெளி அதிகம். நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: பச்சை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை, சிவப்பு 0.05 முதல் 0.15 வரை, நீலம் 0.1 முதல் 0.23 வரை. கார் இன்ஜினுக்குப் பச்சைதான் வேண்டும்.

இதன் பெரிய பலம், எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது. ஷெல்லின் தடிமன், ராடின் துளை, பின்னின் விட்டம், போல்ட் இறுக்கம் நான்கும் சேர்ந்து கடைசியில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கின்றன என்பதை ஒரே அடியில் சொல்லிவிடும். கணக்கு இல்லை, கழித்தல் இல்லை. டார்க் ரெஞ்ச் பிடிக்கத் தெரிந்த யாரும் முதல் முறையே உருப்படியான ரீடிங் எடுக்கலாம். விலையும் குறைவு.

சில கட்டுப்பாடுகள் உண்டு. பின்னிலும் ஷெல்லிலும் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது, நூல் எண்ணெயில் கரையக்கூடியது. நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கைத் துளிகூடத் திருப்பக் கூடாது. திரும்பினால் நூல் தேய்ந்து இழுபட்டுவிடும், அந்த ரீடிங் செல்லாது. மெயின் பேரிங்கில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜினைக் கவிழ்த்து வைத்திருந்தால் கிராங்க் தன் எடையில் பிளாக் பக்க ஷெல்லில் உட்கார்ந்திருக்கும், மொத்த இடைவெளியும் கேப் பக்கம் வந்துவிடும், ரீடிங் சரி. ஆனால் வண்டியிலேயே, அடியில் படுத்துக்கொண்டு எடுத்தால் கிராங்க் கீழே தொங்கும். அதைக் கவுண்டர்வெயிட்டின் (கிராங்கின் எதிர் எடைக் கட்டியின்) அடியில் ஜாக்கி கொடுத்து மேலே தள்ளி வைக்காவிட்டால் உண்மையில் இருப்பதைவிடக் குறைவான இடைவெளிதான் தெரியும். தேய்ந்த பேரிங்கை நல்லது என்று சொல்லும் பிழை இது, ஆகவே மோசமான பிழை.

இப்போது என் முதல் இன்ஜினுக்கு வருகிறேன். மூன்று சிலிண்டர், மூன்று ராடு. புது ஷெல் வாங்கி வைத்து, மூன்று பின்னிலும் பச்சை நூல் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் 0.05-ஐ ஒட்டி வந்தது. திருப்தியாக மூடினேன். மூன்று மாதத்தில் சூடான ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது, பிறகு சத்தம் வந்தது. மறுபடி இறக்கி, இந்த முறை கிராங்கைக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன்.

மாஸ்டர் மைக்ரோமீட்டரை ஒரு திசையில் வைத்தார், பிறகு கால் சுற்று திருப்பி வைத்தார். "தம்பி, பின்னு ஓவலாயிருச்சு. நீங்க எந்தப் பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

சாக்கெட் வசதியாக நுழையும் இடத்தில் கிராங்கை நிறுத்தி, மூன்று பின்னையும் ஒரே கோணத்தில்தான் பார்த்திருந்தேன். நூல் படுத்திருந்தது பின்னின் தேயாத திசையில். குறுக்கே பார்த்திருந்தால் இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டியிருக்கும். நூல் பொய் சொல்லவில்லை, நான் பாதிக் கேள்விதான் கேட்டிருந்தேன். அன்றிலிருந்து நூல் வைத்தால் ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு முறை வைக்கிறேன்: பின் மிகக் கீழே இருக்கும்போது ஒன்று, பாதி வழியில் இருக்கும்போது ஒன்று. நசுங்கிய பட்டையின் இரண்டு முனைகளும் வேறு வேறு அகலத்தில் இருந்தால் பின்னில் டேப்பர் (ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு விட்டம் மாறுவது) இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் நூல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. இடைவெளி 0.08 என்று காட்டினால், அந்தக் கூடுதல் 0.04-ஐத் தின்றது ஷெல்லா, பின்னா? ஷெல் என்றால் புது ஷெல் போட்டால் போதும். பின் என்றால் அரைக்க வேண்டும். நாம் எடுக்க வேண்டிய முடிவே அதில்தான் இருக்கிறது. புது ஷெல்லை முன்கூட்டியே வாங்கி அதோடு நூல் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அரைக்க வேண்டும் என்று வந்துவிட்டால் அந்த ஷெல் வீண், பிரித்த செட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

மைக்ரோமீட்டர்

யார் தேய்ந்தது என்பதைச் சொல்லும் கருவி இதுதான். சின்ன கார்களின் பெரும்பாலான பின்களுக்கு 25–50 மி.மீ. அவுட்சைடு மைக்ரோமீட்டர் போதும். ஜீப், டிராக்டர் என்றால் 50–75-ம் தேவைப்படும். சுற்றுக்குழாயில் 0.01 மி.மீ. கோடுகள். கோடுகளுக்கு நடுவில் பாதியைக் கண்ணால் பிரிக்கப் பழகினால் நம் வேலைக்குத் தேவையான துல்லியம் வந்துவிடும்.

ஒவ்வொரு பின்னிலும் குறைந்தது நான்கு அளவுகள்: இரண்டு ஓரத்திலும், ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசையிலும். திசைகளுக்கு இடையே வரும் வித்தியாசம் ஓவல், ஓரங்களுக்கு இடையே வருவது டேப்பர். ஆயில் துளையின் மேல் வைக்காதீர்கள். சின்ன கார்களில் பல கையேடுகள் இந்த இரண்டுக்கும் 0.01 மி.மீ. வரைதான் இடம் கொடுக்கின்றன.

ஒரு 38 மி.மீ. பின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திசையில் 37.99, குறுக்கே 37.95. ஓவல் 0.04. எந்தப் புது ஷெல்லும் இதைச் சரிசெய்யாது, அரைக்கத்தான் வேண்டும். அதே பின் இரண்டு திசையிலும் 37.99 வந்து, நூலில் இடைவெளி மட்டும் கூடுதலாக வந்தால், தேய்ந்தது ஷெல். அதே சைஸில் புது செட் வாங்குங்கள், கிராங்கைத் தொட வேண்டாம். பட்டறைச் செலவும் காத்திருப்பும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பொறுத்தவை.

இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். முதல் நாள் ஒரே இடத்தைப் பத்து முறை அளந்தால் பத்து எண்கள் வரும். ராட்செட்டை மட்டும் பிடித்துத் திருப்புங்கள், இரண்டு மூன்று கிளிக் வந்ததும் நிறுத்துங்கள், மைக்ரோமீட்டரை லேசாக ஆட்டிப் பின்னின் நடுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். ஒரு மாலை முழுவதும் இதையே செய்தால் பத்து ரீடிங்கும் 0.01-க்குள் வந்துவிடும். அதுவரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். 50 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 0.006 மி.மீ. விரியும். கிராங்கும் மைக்ரோமீட்டரும் இரண்டுமே எஃகு என்பதால் ஒரே சூட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. வெயிலில் கிடந்த கிராங்கை நிழலில் இருந்த மைக்ரோமீட்டரால் அளந்தால்தான் தப்பு வரும். சித்திரை மாதத்தில் நான் இரண்டையும் முதல் நாள் இரவே ஷெட்டுக்குள் ஒன்றாக வைத்துவிட்டு, விடிகாலையில் அளக்கிறேன். கருவியின் வளைவைத் துணியால் பிடித்துக்கொள்கிறேன்.

விலை குறைந்த மைக்ரோமீட்டர் போதுமா என்று கேட்பார்கள். போதும், ஆனால் சோதித்துவிட்டு. கூட வரும் 25 மி.மீ. செட்டிங் ராடில் ஜீரோ பாருங்கள். அப்புறம் டூவீலர் ஸ்பேர் கடையில் நல்ல கம்பெனியின் 6203 பால் பேரிங் ஒன்று வாங்குங்கள். அதன் வெளிவிட்டம் 40 மி.மீ., சாதாரண தரத்தில் அனுமதித்த பிழை பூஜ்யத்திலிருந்து கீழ்நோக்கி 0.011 வரைதான். உங்கள் பின்னின் அளவுக்குக் கிட்டத்தில், இவ்வளவு நம்பகமான ஒரு வட்டம் இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைக்காது. மைக்ரோமீட்டர் அதில் 39.99, 40.00 காட்டினால் அதை நம்பி வேலை பார்க்கலாம்.

துளையை அளப்பது

பின்னை அளந்த பிறகு, ஷெல் போட்டு இறுக்கிய ராடின் உள்விட்டத்தை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இடைவெளி வந்துவிடும். இன்ஜின் கட்டுகிறவர்கள் செய்யும் முறை இதுதான். கருவிகள் இரண்டு: ஸ்பிரிங் வைத்து விரிந்து பூட்டிக்கொள்ளும் டெலிஸ்கோப்பிங் கேஜ், டயல் போர் கேஜ்.

டெலிஸ்கோப்பிங் கேஜை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதைத் துளையில் பூட்டி எடுத்து, மறுபடி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கை நடுங்கும். பழகாத கையில் 0.02 வரை ஏறி இறங்கும். தேடுவதே 0.03 எனும்போது அந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது?

டயல் போர் கேஜ் அருமையான கருவி. மைக்ரோமீட்டரில் பின்னின் அளவை வைத்துப் பூட்டி, அதற்குள் போர் கேஜை ஜீரோ செய்துவிட்டால், துளையில் நேராக இடைவெளியையே படிக்கலாம். மைக்ரோமீட்டரில் சின்னப் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து அடிபட்டுப் போகும். சிலிண்டர் போர் தேய்மானத்தையும் இதே கேஜால் பார்க்கலாம். ஆனால் சில ஆயிரம் ரூபாய் ஆகும், சின்னத் துளைக்கும் சிலிண்டருக்கும் வேறு வேறு சைஸ் வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று இன்ஜின் திறப்பவருக்குச் சரி. ஒரே ஒரு வண்டியை ஒருமுறை திறப்பவருக்கு வேண்டாம்.

எதால் அளந்தாலும் ஷெல்லின் நடு முதுகுக்கு நேராக, அதாவது ராடின் நீளவாக்கில் அளக்க வேண்டும். இரண்டு பாதியும் சேரும் இடத்தின் கிட்டே ஷெல்லை வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகச் செய்திருப்பார்கள். அங்கே அளந்தால் நல்ல பேரிங்கும் ஓவலாகத் தெரியும்.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த ஒரு வழி இருக்கிறது. ஷெல்லின் தடிமனை நேராக அளந்துவிடுவது. ஷெல் வளைந்திருப்பதால் மைக்ரோமீட்டரின் தட்டை முனை உட்புறத்தில் சரியாக உட்காராது. பழைய பால் பேரிங்கிலிருந்து ஒரு சின்ன குண்டை எடுங்கள். முதலில் குண்டை மட்டும் 0–25 மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஷெல்லின் உட்பக்கத்தில் குண்டை வைத்து இரண்டையும் சேர்த்து அளந்து, குண்டின் அளவைக் கழித்துவிடுங்கள். லேசாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் குண்டு மென்மையான பூச்சில் பதிந்துவிடும். மேல் ஷெல்லையும் கீழ் ஷெல்லையும் இப்படி நடுமுதுகில் அளந்து ஒப்பிட்டால், அடி வாங்கிய மேல் ஷெல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியும். மேல் ஷெல் 0.03 மெலிந்து, பின் வட்டமாகவே இருந்தால், கதை முழுவதும் கையில் வந்துவிட்டது.

முந்தைய தலைமுறை ஆட்கள் சிலர் பேரிங்குக்குள் ஈயக் கம்பியை வைத்து நசுக்கி, அந்தத் தடிமனை மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். பெரிய டீசல் இன்ஜின்களுக்கு அது சரியான முறை. மெல்லிய பூச்சுள்ள கார் ஷெல்லில் கம்பி பள்ளம் போட்டுவிடும், வேண்டாம்.

பட்டறைக்கே விட்டுவிடுவது

கிராங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலான கிரைண்டிங் பட்டறைகளில் அளந்து சொல்வதற்கென்று தனியாகக் காசு வாங்கமாட்டார்கள். அவர்கள் கை நம் கையைவிட ஆயிரம் மடங்கு பழகியது. அப்படியிருக்க நாம் ஏன் அளக்க வேண்டும்?

ஒரு காரணம், அளக்கவே கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். பிக் எண்டை மட்டும் பார்க்க நினைத்தவர் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டிவரும். இன்னொன்று, அரைக்கும் தொழில் செய்பவர் சந்தேகமான கிராங்கை அரைக்கச் சொல்வது இயல்பு. அவரிடம் வந்த கிராங்க் திரும்பிப் போய்க் கெட்டால் பெயர் அவருக்குத்தான் கெடும், அதனால் பாதுகாப்பான பக்கம் சாய்கிறார். உங்கள் அளவுகள் எழுதிய தாள் உங்கள் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். "ரெண்டாவது பின்னு மட்டும் ஓவல் நாலு பாயிண்ட் இருக்குங்க, மத்ததெல்லாம் வட்டமா இருக்கு, ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர்" என்று கேட்டால், பொறுமையாக உட்கார்ந்து பார்க்காத மாஸ்டரை நான் கண்டதில்லை.

பேரிங் சுற்றிப் போய்விட்டது, அதாவது ஷெல் ராடுக்குள்ளேயே திரும்பிவிட்டது என்றால் வீட்டில் அளக்கவே வேண்டாம். கிராங்கோடு அந்த ராடின் துளையும் கெட்டிருக்கும், இரண்டும் பட்டறைக்குத்தான்.

அரைக்கக் கொடுக்கும்போது மூன்றைச் சொல்லிவிடுங்கள்: பின்னின் ஓரத்தில் இருக்கும் வளைவை அதே ஆரத்தில் விட வேண்டும், கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் கிராங்க் உடையும். ஆயில் துளையின் வாயை மழுக்கிவிட வேண்டும். கிராங்க் நைட்ரைடிங் செய்ததா என்று பார்க்க வேண்டும், அந்தக் கெட்டியான தோல் மிக மெலிது, அரைத்தால் போய்விடும், மறுபடி செய்யாமல் போடக் கூடாது. புது ஷெல்லுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கோவையிலேயே பைமெட்டல் பேரிங்ஸ் ஷெல்களைத் தயாரிக்கிறது, சென்னையில் ஜி.பி. ரோட்டில் பெரும்பாலான இன்ஜின்களுக்கு செட் கிடைக்கும்.

அரைத்து வந்த பிறகுதான் பச்சை நூலுக்கு அதன் சிறந்த வேலை. பின் இப்போது வட்டமாக இருக்கிறது, ஷெல் புதிது. அதனால் நூலின் பெரிய பலவீனம் இங்கே இல்லை. ஒவ்வொரு கேப்பிலும் ஒரு துண்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் தடவி மூட வேண்டும். 0.25 ஷெல் பெட்டிக்குள் 0.50 வந்திருந்தாலும், ஒரு பின் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அரைபட்டிருந்தாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

நான் வாங்கச் சொல்வது

இன்ஜின் இன்னும் திறக்கவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் ஆயில் பிரஷர் கேஜ் ஒன்று. வேறெதுவும் இப்போது வேண்டாம்.

திறந்துவிட்டீர்கள், சத்தம் எதுவும் வந்ததில்லை, ஷெல்லும் பின்னும் கண்ணுக்கு நன்றாக இருக்கின்றன, வேறு காரணத்துக்காகத் திறந்ததால் பார்த்துவிடலாம் என்கிறீர்கள். பச்சை நூல் மட்டும் போதும், ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு கோணத்தில்.

சத்தம் வந்து திறந்தீர்கள், அல்லது பிரஷர் இறங்கித் திறந்தீர்கள் என்றால் நூலை மட்டும் நம்பாதீர்கள். 25–50 மைக்ரோமீட்டர் ஒன்றும், நூலும். இரண்டையும் சேர்த்தாலும் தேவையில்லாமல் அரைக்கும் கூலியையும் அண்டர் சைஸ் செட்டையும்விடக் குறைவாகத்தான் ஆகும். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் மைக்ரோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள். ஓவலான பின்னை அது தப்பவிடாது, வீட்டு மெக்கானிக்கின் இன்ஜின் திரும்பி வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் அதுதான். ஷெல்லின் தேய்மானத்தைக் குண்டு வைத்து அளக்க 0–25 வேண்டும், அதைப் பக்கத்து லேத் பட்டறையில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள்.

போர் கேஜைப் பிறகு பார்க்கலாம், மூன்றாவது இன்ஜின் வரும்போது.

அளவுகளைத் தாளில் எழுதும்போது பின்னின் எண், ஓரம், திசை, காலையா மாலையா என்பது வரை எழுதிவையுங்கள். என் மாருதியின் தாளில் இரண்டாவது பின்னுக்கு நேரே பென்சிலில் 0.25 அண்டர் சைஸ் என்று இருக்கிறது. அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே கவரில் வைத்திருக்கிறேன். அடுத்து அந்த இன்ஜினைத் திறப்பது யாராக இருந்தாலும் முதலில் அவர் கைக்கு அதுதான் போக வேண்டும்.